அம்மா ஊடு என்கிற முகவரி

கண்ணு,

உன் பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, ஷேவிங் செட்டுக்கும் நீ வேண்டாம் வேண்டாமென்று தள்ளிய முறுக்கு டப்பாவுக்கும் நடுவில் இதைச் சொருகி வைக்கிறேன். ரயில் ஈரோடு தாண்டிய பிறகுதான் உனக்குப் பசிக்கும். அப்போது கையில் கிடைக்கட்டும்.

நேற்று நீ எனக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாய். முதல் வரியிலேயே, ‘அம்மா, மோடத்தைத் தொடாதே. எது நின்றாலும் எனக்குப் போன் பண்ணு. புனேயிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்’ என்று போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தாய். முதல் வேலைக்குப் போகிற பையன், துணிமணியை எடுத்து வைக்கும் முன்னால் அம்மாவின் வேலை நிற்கக் கூடாதே என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் அந்த முதல் வரியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று நேரில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில், நீ சரியாக அறியாத ஒன்று. எம்பிராய்டரி பஞ்சிங் வேலையை நான் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி, பதினாறு வருஷம் அந்தக் காகிதத்தை பீரோவில் வைத்திருந்தவள் நான். உன் பெரியப்பா அனுப்பர்பாளையத்தில் எம்பிராய்டரி மெஷின் போட்டபோது, படத்தைத் தையலாக மாற்றிக் கொடுக்க ஆள் தேடினார். பூவோ புலியோ கம்பெனி முத்திரையோ, எந்த ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாகச் சொல்லித்தர வேண்டும். அது சுத்தமான கணக்கு. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். பிறகு உன் அப்பாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. என் மாமனாரை விட்டு ஒரு மணி நேரம்கூட நான் வெளியே போக முடியாது. அதனால்தான் அந்தக் கம்ப்யூட்டர் ராயபுரத்தில் நம் வீட்டு முன்னறையில், அவர் கட்டிலுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது.

நான் செய்த கோப்பை ஃப்ளாப்பியில் போட்டு, உன் அப்பா ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார். வெயிலில் பாதி ஃப்ளாப்பி போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். மெஷின் நின்றுவிடும். உன் அப்பா திரும்பி வந்து, “ஏனுங்க மேடம், உங்க பூ வழியிலயே வாடிப் போச்சுங்க” என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே இன்னொன்றை வாங்கிப் போவார். அவருக்குச் சிரிப்பு. பெரியப்பாவுக்கு அப்படி இல்லை. ஒருநாள் வந்து அப்பாருவிடம் நலம் விசாரித்துவிட்டு, எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “தப்பா நெனச்சுக்காத அம்மிணி. மெஷின் ஒரு பக்கம், டிசைன் ஒரு பக்கம் இருந்தா ஆகறதில்ல. கம்ப்யூட்டர அங்கயே வெச்சு ஒரு ஆளப் போட்டுக்கறேன். உனக்கும் சிரமம் கொறையும்.”

என் சிரமத்தைக் குறைப்பதாகச் சொல்லி என் வேலையை எடுத்துக்கொண்டு போகிறார் என்று புரிந்தது. அவர் கெட்டவர் அல்ல. மெஷின் நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. “ஒரு மாசம் பொறுங்க மாமா” என்று மட்டும் சொன்னேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நீ பிளஸ் டூ முடித்துவிட்டு லீவில் இருந்தாய். நான் பெரியப்பாவிடம் பேசியதை சமையலறையில் நின்று கேட்டிருக்கிறாய். அந்த வருஷம்தான் நம் வீதிக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது. மறுநாள் மோடத்தின் அடியிலிருந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தாய். இரண்டு நாளில், அனுப்பர்பாளையத்தில் இருக்கும் ஆபரேட்டர் முருகேசன் தன் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டில் நம் வீட்டுக்குக் கிடைத்த எண்ணை அடித்தால், என் கம்ப்யூட்டரில் நான் ஒதுக்கி வைத்த ஒரே ஒரு பெட்டி அவருக்குத் திறக்கும்படி செய்துவிட்டாய். மோடம் ஒரு காவல்காரன், வருகிற எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிடும், ‘இந்தக் கதவைக் கேட்டு வருபவரை மட்டும் அம்மாவின் கம்ப்யூட்டருக்கு அனுப்பு’ என்று அதனிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எனக்கு விளக்கினாய். எண் ஐம்பத்தொன்பதில் தொடங்கியது, நான்கு துண்டாக, நடுவில் புள்ளி வைத்து.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இதை நினைத்து இன்றும் உன் அப்பா சிரிக்கிறார். நம் வீட்டுக்கு உலகத்தில் ஒரு எண் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அந்த எண்ணையே பஞ்சிங் செய்தேன். தடித்த எழுத்து, சுற்றிலும் கொடி, நான்கு மூலையிலும் ஒரு சின்னப் பூ. கம்பி வழியாக நான் அனுப்பிய முதல் டிசைன் அதுதான். முருகேசன் மறக்காமல் இருக்கத் தைத்து மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரே நேரத்தில் பன்னிரண்டு துணி தைக்கும் பன்னிரண்டு தலை மெஷினில் ஒன்றே ஒன்றைத் தைக்க அவருக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டும் தைத்துவிட்டார். மெஷினுக்கு மேலே ஒன்று, ஆபீஸ் அறையில் ஒன்று, பெரியப்பா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்று. சிவப்பு நூல்.

அன்று மாலை நான்கு மணிக்குக் கரண்ட் போய் ஐந்து மணிக்கு வந்தது. முருகேசன் போன் பண்ணினார். “அக்கா, உங்க வீட்டுக் கதவு தொறக்க மாட்டேங்குதுக்கா. வேற யாரோ இருக்காக போல.”

நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். அந்த எண் நமக்குச் சொந்தமில்லை என்பதை என்னிடம் சொல்ல மறந்திருந்தாய். ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரிதான் அது. மோடம் அணைந்து எரியும் ஒவ்வொரு முறையும் பிராட்பேண்ட்காரர்கள் கையிலிருப்பதில் ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள். நம் பழைய டோக்கனை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? அடுத்த பத்து நாள் நான் ஒவ்வொரு தடவையும் புது எண்ணைப் பார்த்துப் போனில் ஒப்பித்தேன். “நூத்திப் பதினேழா, நூத்தி எழுபதாக்கா?” என்று முருகேசன் கத்துவார், பின்னால் மெஷின் அதைவிடச் சத்தமாகக் கத்தும். பெரியப்பா மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அந்தத் துணியை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார் என்று உன் அப்பா வந்து சொன்னார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஒரு மாதத்தில் பாதி போய்விட்டிருந்தது.

அப்போதுதான் நீ அந்தப் பதிவேட்டைக் கண்டுபிடித்தாய். எங்கோ ஒரு தேசத்தில் சிலர் இலவசமாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் அந்தப் பெயருக்கு இன்றைய எண். நம் எண் மாறும்போதெல்லாம் நம் மோடமே அங்கே போய், ‘இப்போது இங்கே இருக்கிறோம்’ என்று எழுதிவிட்டு வரும். முருகேசன் எண்ணைக் கேட்க வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும். டைனமிக் டிஎன்எஸ் என்றாய். நான் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, “எனக்குப் பதிவேடுன்னே இருக்கட்டும்” என்றேன்.

பெயர் வைக்க உட்கார்ந்தோம். ‘அம்மா வீடு’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாய். யாரோ எடுத்துவிட்டார்கள். ‘நம்ம வீடு’, ‘எங்க வீடு’ எல்லாம் போயிருந்தது. நீ சலித்துப்போய், நம் வாயில் வருகிற மாதிரியே வீட்டை ஊடாக்கி ‘அம்மாஊடு’ என்று அடித்தாய். உடனே கிடைத்தது. உலகத்தில் நம்மைத் தவிர அந்தச் சொல் யாருக்கும் தேவைப்படவில்லை. முருகேசன் தெற்கத்திக்காரர். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: “என்னக்கா, ‘அம்மா ஓடு’ன்னு போட்டிருக்கு? எங்கக்கா ஓடுறீக?” ஆனால் கதவு திறந்தது. கரண்ட் போய் வந்த பிறகும் திறந்தது. மாதம் முடியும் அன்று பெரியப்பா போன் பண்ணி, “அடுத்த வாரம் நாலு டிசைன் இருக்குது அம்மிணி” என்றார். ஆள் போடுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன் அப்பாருக்கும் அதில் ஒரு வேலை கிடைத்தது, நினைவிருக்கிறதா? பேச்சு வராது, ஆனால் எதிரே மேஜையில் மோடத்தின் விளக்குகள் மினுக்குவதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கு ஒன்று அணைந்தால் நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். சமையலறையிலிருந்து நான் ஓடி வருவேன். முருகேசன் சொன்ன பெயர் சரிதான் என்று தோன்றும்.

இனி நான் சொல்ல வந்தது.

நீ கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரம். பெரியப்பாவிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் மறுநாள் காலை சாம்பிள் பார்க்க வருவதாக இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு முருகேசன் கூப்பிட்டார். “அக்கா, ஊட்டக் காணோம்க்கா!” அந்தப் பதட்டத்திலும் அவர் வாயில் நம் சொல் வந்துவிட்டதைக் கவனித்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் பெரியப்பாவே பேசினார். குரல் ஏறவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “இந்த ஊடு வேலை போதும் அம்மிணி. பையர் போகட்டும், கம்ப்யூட்டர இங்க தூக்கிட்டு வந்தறலாம்.”

நான் உனக்குப் போன் பண்ணினேன். நீ ஒரு பரீட்சை முடித்து வெளியே வந்து, அப்போதுதான் மொபைலைத் திறந்திருந்தாய். நான் பேசியது உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

“என்னத்த நோண்டி வெச்சே?”

“நா ஒண்ணும் பண்ணலம்மா. பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன்.”

“போன வாரம் வந்தப்ப ராத்திரியெல்லாம் அதும்மேலயே உக்காந்திருந்தியே, படம் எறக்கறதுக்குத்தான? எம்பட பொழப்பு உனக்கு வெளையாட்டாப் போச்சு.”

“அம்மா, நாளைக்கு மேத்ஸும்மா. சாயங்காலம் பாக்கறேன்.”

“நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்” என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் கணக்குப் பரீட்சையில் நீ தோற்றாய். ரிசல்ட் வந்தபோது, “கணக்கு டீச்சராகியிருக்க வேண்டிய அம்மாவுக்குக் கணக்குல அரியர் வெச்ச மகன்” என்று உன் அப்பா உன்னைக் கேலி செய்தார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய். என்னையும் பார்க்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உன்னைத் திட்டி வைத்த பிறகு அப்பாரு கட்டிலைத் தட்டினார். விளக்குகளைப் பார்த்தேன், எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அவர் தட்டியது விளக்குக்காக அல்ல, நான் கத்தியதற்காக. நல்ல கையை மெதுவாக அசைத்தார், உட்கார் என்பது போல. உட்கார்ந்தேன். காலேஜில் ஒரு கணக்கு வராவிட்டால் எங்கே தப்பியது என்று பின்னாலிருந்து வருவோம், அப்படி வந்தேன். விளக்கு எரிகிறது. இன்டர்நெட் வருகிறது. கம்ப்யூட்டரில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து அன்றைய எண்ணைப் பார்த்து, முருகேசனுக்குப் பழையபடி ஒப்பித்தேன். கதவு திறந்தது! சாம்பிளுக்கான டிசைனை அந்த நிமிஷமே எடுத்துக்கொண்டார். எண்ணைச் சொன்னால் வருகிறது, பெயரைச் சொன்னால் வரவில்லை. அப்படியானால் வீடு இருக்கிறது, மோடமும் இருக்கிறது. தப்பு நடுவில் இருக்கும் பதிவேட்டில்தான்.

பதிவேட்டுக்காரர்கள் எழுதினால் நீ திறந்து வைத்த வீட்டு மெயிலுக்குத்தானே எழுதுவார்கள் என்று அதற்குள் போனேன். அழித்தவற்றைப் போட்டு வைக்கும் இடத்தில் அது கிடந்தது. ‘இந்தப் பெயர் இன்னும் உங்களுக்கு வேண்டுமா? வேண்டுமென்றால் இதை அழுத்துங்கள்’ என்ற கடிதம். பத்து நாளுக்கு முன் நான்தான் அழித்திருந்தேன். தெரியாதவர் அனுப்பியதில் எதையும் அழுத்தாதே என்று நீ சொல்லிக் கொடுத்ததை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன். பதில் வரவில்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள்.

அதே மாதிரிக் கடிதம் வேறு இருக்கிறதா என்று தேடினேன். இருந்தன. மாதம் ஒன்று வீதம், நீ ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து. எல்லாம் திறந்து படிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மாதமும் ஹாஸ்டலிலிருந்து நம் மெயிலுக்குள் வந்து, அதை அழுத்திவிட்டு, சத்தமில்லாமல் போயிருக்கிறாய். அந்த மாதம் மட்டும் பரீட்சை. உனக்கு முன்னால் நான் வந்துவிட்டேன்.

யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் மாதாமாதம் ஒரு காரியத்தை விடாமல் செய்கிற பிள்ளை எனக்குப் பிறந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளையைத்தான் அரை மணி நேரத்துக்கு முன் போனில் அப்படிக் கேட்டிருந்தேன்.

பெயரை மீட்டது கஷ்டமாக இல்லை. பதிவேட்டில் நீ திறந்த அதே கணக்கில் நுழைந்து ‘அம்மாஊடு’ என்று அடித்தேன். அதற்குள் வேறு யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? காலியாகவே இருந்தது. ஆனால் சரியாகிவிட்டதா என்று பார்க்க என் கம்ப்யூட்டரிலேயே பெயரை அடித்தால், மோடத்தின் பக்கம் வந்து நிற்கிறது. இரண்டு முறை அழித்து எழுதினேன், அதேதான். பிறகு பதிவேட்டுக்காரர்களுடைய உதவிப் பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். உள்ளே உட்கார்ந்துகொண்டு சோதித்தால் இப்படித்தான் ஏமாற்றும், வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. முருகேசனைக் கூப்பிட்டேன். “வந்துருச்சுக்கா! ஊடு வந்துருச்சு!” என்றார். பெரியப்பா போனை வாங்கி, “பையன் வந்தானா?” என்றார். “இல்லீங்க மாமா, நானே பண்ணேன்” என்றேன். “செரி அம்மிணி” என்றார். கம்ப்யூட்டரைத் தூக்கும் பேச்சு அதோடு முடிந்தது.

சாயங்காலம் நீ கூப்பிட்டு, “தானா வந்துருச்சாம்மா?” என்றாய். “ஆமா கண்ணு, தானா வந்துருச்சு” என்றேன். அந்தப் பொய்யைத்தான் இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ எதையும் நோண்டவில்லை. உன் அரியருக்கு நான் காரணம். உன் அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இனிக் கேலி செய்ய மாட்டார், செய்தால் என்னைத்தான் செய்வார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் அந்தக் கடிதம் வந்த அன்றே நான் அழுத்திவிடுவேன். அழுத்திவிட்டு, படிக்காதது போலவே மறுபடி மாற்றி வைத்துவிடுவேன். இரண்டு நாள் கழித்து நீ வந்து அழுத்துவாய். உன் காவலை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. என் பிள்ளை என்னைக் கவனித்துக்கொள்கிறான் என்று மாதம் ஒருமுறை பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

ஆனால் இது சரியில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற ஒரே குறையையும் சொல்லிவிடுகிறேன். நீ எதையும் செய்து கொடுத்துவிடுவாய், சொல்லிக் கொடுக்க மாட்டாய். மற்றவர் சிரமப்படக் கூடாது என்ற நல்ல மனசுதான். உன் பெரியப்பாவும் அன்று அதே நல்ல மனசோடுதான் வாசலில் நின்றார். அந்தக் கடிதம் மாதாமாதம் வரும் என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் நான் அழித்திருக்க மாட்டேன். நாளைக்கு ஆபீஸில் உனக்குக் கீழே நான்கு பேர் வருவார்கள். வீட்டுக்கு ஒருத்தி வருவாள், அவளுக்கும் ஒரு வேலை இருக்கும். அவர்களுக்கு ‘தொடாதே’ என்று எழுதிக் கொடுக்காதே. உட்கார வைத்து, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று தொட விடு.

இன்று காலை நீ முடி வெட்டப் போயிருந்தபோது மூன்று காரியம் செய்தேன். பதிவேட்டுக் கணக்கை என் சொந்த மெயிலுக்கு மாற்றினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். மோடத்தின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். பிறகு முருகேசனைக் கூப்பிட்டு வெளியிலிருந்து பார்க்கச் சொன்னேன். திறந்தது. இப்போது இன்னும் இரண்டு எம்பிராய்டரி யூனிட்காரர்கள் அதே பெயரில் வந்து டிசைன் எடுக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர்களுக்கும் திறந்தது.

புனே போய்ச் சேர்ந்ததும் நீ முதல் வேலையாக உள்ளே நுழைந்து பார்ப்பாய், எனக்குத் தெரியும். கடவுச்சொல் தவறு என்று வரும். பயந்துபோய் எனக்குப் போன் பண்ணாதே, ஒன்றும் கெடவில்லை. என் டிசைன் பெட்டிக்குள் நுழைய உனக்கென்று தனியாக ஒரு பெயர் போட்டு வைத்திருக்கிறேன். உன் கூப்பிடு பெயர்தான், கடவுச்சொல் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. அதில் வந்தால் அந்த வாரம் அம்மா என்னென்ன தைத்தாள் என்று எல்லாவற்றையும் பார்க்கலாம், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எதையும் மாற்ற முடியாது, அழிக்க முடியாது. அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.

அம்மா